“எங்க தூங்குனீங்க?” – குழந்தைகளோட காடு, மலை, டென்ட்: ஒரு அரசு மருத்துவரின் நீண்ட இழை

1/
கொஞ்சம் பெரிய இழை. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு, மலைக்கும் காட்டுக்கும் கிளம்புற நேரம். பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிச்சிடுங்க.

நான் மலையடிவார ஊர் ஒன்றில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். மருத்துவர். குழந்தை நல நிபுணர் இல்லை. ஆனா மலையில இருந்து இறங்கி வர்ற அவசரம் எதுவா இருந்தாலும் முதல்ல எங்க வாசலுக்குத்தான் வரும். எனக்கும் அஞ்சு வயசுல ஒரு பொண்ணு, ரெண்டு வயசுல ஒரு பையன். அதனால டாக்டராவும் சொல்றேன், அம்மாவாவும் சொல்றேன்.

2/
போன வருஷம் மே மாசம். ஞாயித்துக்கிழமை காலை ஏழரை மணி. நைட் டூட்டி முடிச்சு, அடுத்த டாக்டர் வர்றதுக்காகக் காத்துட்டு இருந்தேன். ஒரு கார் வந்து நின்னது. அப்பா தோள்ல நாலு வயசுப் பையன். பின்னாடியே அம்மா.

“விடியக்காலை நாலு மணியில இருந்து வயித்து வலி, வாந்தி மேடம். நேத்து நைட் பார்பிக்யூ சாப்பிட்டான். அது ஒத்துக்கல போல. வழியில ஒரு மெடிக்கல்ல வாந்திக்கு மருந்து வாங்கிக் குடுத்தோம், நிக்கல.”

வயித்தைத் தொட்டுப் பார்த்தா மெத்துன்னு இருக்கு. காய்ச்சல் இல்லை. பேதி இல்லை. ஆனா பையன் கண்ணைத் திறக்க மாட்டேங்கிறான். “ராத்திரி சரியாத் தூங்கலை மேடம், அதான்”னு அம்மா சொன்னாங்க. அவன் தூக்கத்துல இல்லை. திறக்கணும்னு முயற்சி பண்றான், இமை தூக்க மாட்டேங்குது.

அப்பத்தான் கேட்டேன். “நேத்து எங்க தூங்குனீங்க?”

3/
“மேல ஒரு தோப்புல டென்ட் மேடம். வெக்கையா இருந்துச்சுன்னு இவன் மட்டும் வாசல்ல பாயைப் போட்டுப் படுத்துட்டான். நானும் பக்கத்துலயேதான் இருந்தேன்.”

கட்டுவிரியன்.

உடம்பு முழுக்கத் தேடியும் பல் தடம் தெளிவாத் தெரியலை. கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் அப்படித்தான். வீக்கம் இருக்காது, வலி பெருசா இருக்காது, தூங்குற ஆள் முழிக்கக்கூட மாட்டார். சில மணி நேரம் கழிச்சு வயித்து வலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும். அப்புறம் விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியா மூச்சு விடுற தசை நிக்கும்.

4/
விஷ முறிவு மருந்து 10 வயல் ஏத்த ஆரம்பிச்சோம். ஏத்திட்டு இருக்கும்போதே மூச்சு குறைய ஆரம்பிச்சது. டியூப் போட்டு, ஆம்பு பேக்கை அழுத்திக்கிட்டே 108-ல மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். எங்க சிஸ்டர் ஒருத்தங்க வழி முழுக்க அந்தப் பேக்கை அழுத்திக்கிட்டே போனாங்க.

பையன் பிழைச்சுட்டான். அஞ்சு நாள் வென்டிலேட்டர். பத்தாவது நாள் வீட்டுக்குப் போனான்.

வீட்டுக்குப் போற வழியில எங்களைப் பார்க்க வந்தாங்க. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “இனிமே ஜென்மத்துக்கும் காட்டுப் பக்கமே போக மாட்டோம் மேடம்”னு அழுதாங்க. அப்ப தலையாட்டிட்டு அனுப்பிட்டேன். ஆனா அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. அதுக்கான பதில்தான் இந்த இழை.

5/
என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். குழந்தைகளைக் காட்டுக்கும் மலைக்கும் அவசியம் கூட்டிட்டுப் போகணும். ஒரு பயங்கரம் நடந்துச்சுன்னு கதவைச் சாத்திக்கிட்டா, உள்ளே இருக்கிறது செல்போன்தான்.

ஒண்ணுல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள குழந்தை ஒரு நாளைக்குக் குறைஞ்சது 3 மணி நேரம் ஓடியாடி அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லிருக்கு. ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் திரையே வேண்டாம், அதுக்கு மேல நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கட்டும்ங்கிறதும் அதே வழிகாட்டுதல்தான். நம்ம அபார்ட்மென்ட் குழந்தைகளோட ஒரு நாளை இது பக்கத்துல வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, கண்ணு. கிட்டப்பார்வைக் குறைபாடு குழந்தைகள்ல கூடிக்கிட்டே வருது. வெளியில, பகல் வெளிச்சத்துல அதிக நேரம் இருக்கிற குழந்தைகளுக்கு அது வர்ற வாய்ப்பு குறையுதுன்னு நல்ல ஆய்வுகளே காட்டிருக்கு. அதுக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை, வெயிலும் மரமும் போதும்.

6/
“இத்தனூண்டு குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது? பெருசானதும் கூட்டிட்டுப் போலாம்”னு எங்க மாமியாரே சொல்வாங்க.

என் பொண்ணுக்கு மூணு வயசுல டாப்ஸ்லிப் போனோம். யானை பார்க்கலை, மான் பார்த்தோம். அதை அவ இன்னைக்கு மறந்துட்டா. ஆனா ஒரு மலை அணில் கிளைக்குக் கிளை தாவுனதை அண்ணாந்து பார்த்துக்கிட்டே அரைமணி நேரம் வாயைப் பிளந்து நின்னா. அன்னைக்குப் பொறுமையா ஒண்ணைப் பார்க்கப் பழகினவ, இப்பவும் வீட்டு வாசல்ல எறும்பு வரிசையைப் பார்த்தா உட்கார்ந்துடுவா. சம்பவம் மறக்கும், பழக்கம் தங்கும். அது போதும் எனக்கு.

7/
சரி, அப்போ ஆபத்து?

நாம பயப்படுறது: புலி, யானை, பனிக்காத்து.
எங்க மருத்துவமனைக்கு நிஜமா வர்றது: தண்ணி, கார், குரங்கு, வழுக்கி விழுந்தது, பாம்பு, அடுப்புக் கரி, ஊருக்குப் போன பிறகு வர்ற காய்ச்சல்.

எட்டு வருஷ சர்வீஸ்ல புலி கடிச்ச குழந்தையை நான் பார்த்ததே இல்லை. அருவியில வழுக்கி மண்டை உடைஞ்ச குழந்தைகளை எண்ணவே முடியாது. தவறான விஷயத்துக்குப் பயந்தா, சரியான விஷயத்தைக் கவனிக்காம விட்டுடுவோம். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

8/
முதல் கேள்வி: இது யாரோட டூர்?

ரெண்டு நாள்ல எட்டு ‘ஸ்பாட்’னு போட்டா அது பெரியவங்க டூர். குழந்தை அதுல ஒரு லக்கேஜ். தூக்கம் கெடும், சாப்பாடு தள்ளிப் போகும், அழும், அடி வாங்கும். விபத்துகளும் பெரும்பாலும் அந்த அவசரத்துலதான் நடக்குது. இருட்டுறதுக்குள்ள இன்னொரு அருவியைப் பார்த்துடலாம்னு போய் விழுந்தவங்களுக்கு நானே தையல் போட்டிருக்கேன்.

சின்னக் குழந்தை இருந்தா ஒரே இடம் போங்க. ஒரு நாளைக்கு ஒரு நடை. மதியம் தூங்கணும். பெரியவங்க அரைமணியில நடக்குற தூரத்தை நாலு வயசுக் குழந்தை ரெண்டு மணி நேரம் நடக்கும், நடுவுல இருபது கல்லு பொறுக்கும். அந்தக் கல்லு பொறுக்குறதுதான் அதுக்கு டூரே.

9/
வழிப் பயணம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40. வாந்தி வராத குழந்தைதான் அதிசயம்.

கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் கொடுக்காதீங்க, வெறும் வயிறாவும் ஏத்தாதீங்க. ரெண்டு இட்லி போதும். போனைக் கையில கொடுக்காதீங்க, குனிஞ்சு பார்க்கப் பார்க்கத் தலை சுத்தும். ஜன்னலைத் திறந்து, தூரத்து மலையைக் காட்டுங்க. பத்து வளைவுக்கு ஒரு தடவை வண்டியை ஓரமா நிறுத்துங்க. பெரியவங்க போடுற வாந்தி மாத்திரையை உடைச்சுக் கொடுக்குற வேலை வேண்டவே வேண்டாம். அவோமின் மாதிரியான மருந்து 2 வயசுக்குக் கீழ கூடவே கூடாது.

முன் சீட்டுல மடியில வச்சுக்கிட்டு உட்காராதீங்க. பிரேக் போட்டா உங்க கையால அந்தக் குழந்தையைப் பிடிச்சு நிறுத்த முடியாது. பின் சீட்டு, குழந்தைக்கான சீட், பெல்ட். மலைப் பாதைக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும்.

10/
எங்க தங்குறீங்க? இதுதான் பெரிய கேள்வி.

வனத்துறையோட தங்கும் விடுதிகள் டாப்ஸ்லிப், முதுமலை மாதிரி இடங்கள்ல இருக்கு. முன்கூட்டியே பதிவு பண்ணணும். அங்க சுவர் இருக்கு, கதவு இருக்கு, யானை எந்தப் பக்கம் வரும்னு தெரிஞ்ச ஊழியர் இருக்காங்க. அனுமதி இல்லாம காப்புக் காட்டுக்குள்ள நுழையறது குற்றம். அந்தச் சட்டம் உங்களையும் காப்பாத்தத்தான் இருக்கு.

இன்ஸ்டாகிராம்ல பார்த்து, “காட்டுக்கு நடுவுல டென்ட்”னு புக் பண்றதுக்கு முன்னாடி யோசிங்க. 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில அப்படி ஒரு இடத்துல டென்ட்ல தங்கியிருந்த இளம்பெண் ஒருத்தங்க யானை தாக்கி உயிரிழந்தாங்க. யானை நடமாடுற இடத்துல துணிக்கும் ஜிப்புக்கும் மரியாதை கிடையாது.

புக் பண்ணும்போது மூணு கேள்வி கேளுங்க: உரிமம் இருக்கா? ராத்திரி காவலுக்கு ஆள் உண்டா? விஷ முறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மூணாவது கேள்விக்கு முழிச்சாங்கன்னா அந்த இடம் வேண்டாம்.

11/
டென்ட்லதான் தங்குவோம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா:

- அடித்துணி சேர்த்துத் தைச்ச, முழுசா மூடுற டென்ட் மட்டும். ஜிப் ராத்திரி முழுக்க மூடியே இருக்கணும். வெக்கைக்கு வலை ஜன்னல் போதும்.
- குழந்தை வாசல்ல படுக்கக் கூடாது. நடுவுல படுக்கணும்.
- அறையில தங்கினாலும் தரையில படுக்காதீங்க. கட்டில், கொசுவலை, வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில செருகுங்க. கொசுவலை கொசுவுக்கு மட்டும் இல்லை, கட்டுவிரியனுக்கும்தான்.
- மிச்ச சாப்பாடு டென்ட் பக்கத்துல கிடக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.
- ராத்திரி ஒண்ணுக்குப் போக டார்ச் இல்லாம ஒரு அடி வைக்கக் கூடாது. செருப்பு, ஷூவை உதறிட்டுப் போடுங்க. குழந்தைக்கு இதை ஒரு விளையாட்டாவே பழக்கிடலாம்.

12/
பாம்பு கடிச்சா, அல்லது கடிச்சிருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே:

கயிறு கட்டாதீங்க. கீறாதீங்க. வாயால உறிஞ்சாதீங்க. பச்சிலை, மந்திரம்னு நேரத்தைக் கொடுக்காதீங்க. பாம்பைப் பிடிக்கப் போகாதீங்க. குழந்தையை நடக்க விடாதீங்க, தூக்கிக்கோங்க. கடிபட்ட கை காலை ஒரு ஸ்கேல் அல்லது குச்சி வச்சு அசையாம இருக்கிற மாதிரி தளர்வா சுத்துங்க. வளையல், கொலுசு, அரைஞாண் இருந்தா கழட்டுங்க. 108. அது வர நேரமாகும்னா உங்க வண்டி. நேரா அரசு மருத்துவமனை.

“சின்னக் குழந்தைக்கு இவ்வளவு மருந்தா?”னு கேட்பாங்க. பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைக்காது. அதனால முறிவு மருந்தும் பெரியவங்களுக்குக் கொடுக்குற அதே அளவுதான்.

அரசு மருத்துவமனையில இது இலவசம். ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் இருப்பு வைக்கிற ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கு. 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சாங்க. இந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்துல பெரும் பங்கு, சென்னை பக்கத்துல வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துல இருந்து போகுது. காட்டை அறிஞ்ச மக்களோட கைதான் அந்தப் பையனையும் காப்பாத்துச்சுன்னு நான் நினைச்சுக்குவேன்.

13/
அடுத்தது சத்தமே இல்லாம கொல்றது: கரி அடுப்பு.

மலையில குளிர். பார்பிக்யூ முடிஞ்ச கரி இன்னும் கனன்னுக்கிட்டு இருக்கு. “குழந்தைக்குக் குளிருது, டென்ட்டுக்குள்ள கொண்டு வச்சுக்கலாம்.” இப்படித்தான் குடும்பம் குடும்பமாச் சாவு நடக்குது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. தீ அணைஞ்ச மாதிரி தெரியுற தணல்ல இருந்தும் வரும். குழந்தைகளைச் சீக்கிரம் பாதிக்கும்.

டென்ட், அறை, கார் – மூடின எந்த இடத்துக்குள்ளயும் கரி வேண்டாம். குளிருக்குப் போர்வை.

வெளியில நெருப்பு மூட்டுறதுக்கும் அனுமதி இருக்கான்னு கேளுங்க. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் காடு காய்ஞ்சு கிடக்கும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத் தீயில 20 பேருக்கு மேல போனதை மறந்துடாதீங்க. அதே மாதிரி, பெரிய தேன் கூடு தொங்குற மரத்துக்கோ பாறைக்கோ கீழ புகை போடாதீங்க. தேனீ கொட்டின குழந்தைக்கு முகம் வீங்கினா, மூச்சு இரைச்சா, உடம்பு முழுக்கத் தடிச்சா, ஒரு நிமிஷம்கூட வீட்டு வைத்தியம் பார்க்காம ஆஸ்பத்திரி.

14/
தண்ணி. நான் அதிகம் பயப்படுறது இதுக்குத்தான்.

2024 மே மாசம் பழைய குற்றால அருவியில திடீர் வெள்ளம் வந்து 17 வயசு மாணவர் ஒருத்தர் அடிச்சுட்டுப் போனார், உயிரோட கிடைக்கலை. நல்லா வளர்ந்த பையனையே இழுத்த தண்ணி அது. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டியிருக்கும். தண்ணி கலங்குனா, இலை தழை மிதந்து வந்தா, சத்தம் மாறுனா, அந்த நிமிஷமே குழந்தையைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஏறுங்க. செருப்பு, துண்டு, போன் எதையும் தேடாதீங்க.

அருவி, ஆறு, தடுப்பணை எதுவா இருந்தாலும், சின்னக் குழந்தை உங்க கை எட்டுற தூரத்துலதான் இருக்கணும். “எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்”னு சொல்ற இடத்துலதான் யாருமே பார்த்திருக்க மாட்டாங்க. அதனால ஆள் பேர் சொல்லி ஒப்படைங்க: “அடுத்த அரைமணி நேரம் நீ பார்க்கணும்.” அந்த ஆள் கையில போன் இருக்கக் கூடாது. உள்ளே சரக்கும் இருக்கக் கூடாது.

15/
சினிமாவுல வர்ற மாதிரி மூழ்குற குழந்தை கத்தாது, கை ஆட்டாது. சத்தமில்லாம உள்ளே போகும். முழங்கால் தண்ணி போதும்.

வெளிய எடுத்ததும் தலைகீழாத் தொங்க விட்டுச் சுத்துறது, வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்குறது ரெண்டும் தப்பு. மூச்சு இல்லைன்னா படுக்க வச்சு, தலையை லேசாப் பின்னாடி சாய்ச்சு, வாயோட வாய் வச்சு முதல்ல 5 தடவை மூச்சு ஊதுங்க. அசைவு இல்லைன்னா நெஞ்சு நடுவுல அழுத்த ஆரம்பிங்க. 30 அழுத்தம், 2 மூச்சு. 108 வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. வாய்ப்பு கிடைச்சா இதை நேர்ல ஒரு தடவை கத்துக்கோங்க, பிள்ளை பெத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

மூழ்கி எழுந்த குழந்தை உடனே நல்லாயிட்டாலும் ஆஸ்பத்திரியில காட்டுங்க. நுரையீரலுக்குள்ள தண்ணி போயிருந்தா சில மணி நேரம் கழிச்சும் மூச்சுத் திணறலாம்.

16/
விலங்குகள். வால்பாறை தேயிலைத் தோட்டங்கள்ல சிறுத்தை குழந்தைகளைத் தாக்கின செய்திகளைப் படிச்சிருப்பீங்க. சாயங்காலம் வெளிச்சம் குறையுற நேரம், புதர் ஓரம், தனியாக் குனிஞ்சு உட்கார்ந்திருக்கிற சின்ன உருவம் – சிறுத்தைக்கு அது இரை மாதிரி தெரியும். சூரியன் சாயுறதுக்கு முன்னாடி குழந்தைகள் உள்ளே வந்துடணும். அவ்வளவுதான் விதி.

குரங்கு வேற ரகம். அதைக் கெடுத்தது நாமதான். குழந்தை கையில சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து வெளிய விடாதீங்க. “பாவம், ஒரு பழம் குடு”னு ஊட்டப் பழக்காதீங்க. கடிச்சாலோ கீறினாலோ ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவணும். அப்புறம் வெறிநாய்க்கடி தடுப்பூசி. ஆமா, குரங்குக் கடிக்கும் அதேதான். “சின்னக் கீறல்தானே”ன்னு விட்டுடாதீங்க. ரேபீஸ் வந்த பிறகு எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வராம தடுக்க எல்லாம் இருக்கு, அதுவும் இலவசமா. தவணையை ஊருக்குப் போய் உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல தொடரலாம், முதல் ஊசியைத் தள்ளிப் போடாதீங்க.

17/
பனிக்காத்து பட்டா சளி பிடிக்குமா? சளியைக் கொண்டு வர்றது வைரஸ், பெரும்பாலும் கூட வந்த மாமா, சித்தப்பாகிட்ட இருந்து வரும். ஆனா குழந்தையோட உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும்ங்கிறது உண்மை. ஒரே தடிமன் ஸ்வெட்டரை விட ரெண்டு மூணு மெல்லிய சட்டை நல்லது. நனைஞ்ச துணியை உடனே மாத்துங்க. தலைக்குக் குல்லா.

இன்னொரு முக்கியமான விஷயம். மூக்கடைப்புக்குக் கர்ப்பூரத்தைத் துணியில முடிஞ்சு குழந்தை கழுத்துல, தொட்டில்ல கட்டுற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம். அதை வாயில போட்டுட்டா வலிப்பு வரும். இதுக்காக நடு ராத்திரி தூக்கிட்டு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கேன். மூக்கடைப்புக்கு உப்புத் தண்ணி சொட்டு மருந்து போதும்.

18/
ஊருக்கு வந்து சேர்ந்தாச்சு. டூர் முடிஞ்சதா? இன்னும் இல்லை.

காடு, புதர், புல்வெளின்னு போய்ட்டு வந்து மூணு வாரத்துக்குள்ள குழந்தைக்கு விடாத காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட மறக்காம ஒரு வரி சொல்லுங்க: “இந்தத் தேதியில காட்டுக்குப் போனோம்.” உண்ணிக் காய்ச்சல்னு சொல்ற ஸ்க்ரப் டைபஸா இருக்கலாம். புல்லுல இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்றது. கடிச்ச இடத்துல சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுத்த புண் இருக்கும், வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, தலைமுடிக்குள்ளன்னு ஒளிஞ்சு இருக்கும். எல்லாருக்கும் புண் இருக்கணும்னும் இல்லை.

சீக்கிரம் கண்டுபிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்ல சரியாகிற நோய். தாமதிச்சா நுரையீரல், மூளை, சிறுநீரகம்னு போகும். நடக்கும்போது முழுக்கால் பேன்ட், சாக்ஸ். திரும்பி வந்ததும் நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டி, துணியைத் துவைக்கப் போட்டுடுங்க.

19/
என் பையில எப்பவும் இருக்கிறது:

- ஓ.ஆர்.எஸ். 4 பாக்கெட் (பெரிய பாக்கெட் ஒண்ணு ஒரு லிட்டர் தண்ணிக்கு, பாதி பாதியாப் பிரிச்சுக் கலக்கக் கூடாது)
- பாரசிட்டமால் சிரப் (ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி.; பாட்டில்ல 5 மி.லி.க்கு எவ்வளவுன்னு பார்க்கணும், பழைய பாட்டில் கணக்கைப் புதுப் பாட்டிலுக்குப் போடக் கூடாது)
- டிஜிட்டல் தெர்மாமீட்டர், உப்புத் தண்ணி மூக்குச் சொட்டு
- சோப்பு, பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்டர்
- டார்ச் 2, விசில் 1
- குழந்தை எடை, ரத்த வகை, அலர்ஜி, நம்ம ரெண்டு பேர் நம்பர் எழுதின ஒரு துண்டுச் சீட்டு, குழந்தை சட்டைப் பையில

விசில் எதுக்குன்னா, வழி தவறினா குழந்தை நடக்கக் கூடாது. ஒரு மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விசில் ஊதணும். என் பொண்ணுக்கு இதை வீட்டுலயே சொல்லிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க என்னை மன்னிக்கணும்.

20/
எந்த வயசுல போகலாம்? என் கருத்து இது. ஒரு வயசுக்குள்ள டென்ட் வேண்டாம், அறை எடுத்துத் தங்குங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், ‘மலைக் குளிருக்கு’ன்னு வெந்நீர்கூட வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, இதயப் பிரச்சினை உள்ள குழந்தைன்னா உங்க டாக்டரைக் கேட்டுட்டுக் கிளம்புங்க.

முதல் காடு தூரமா இருக்கணும்னு இல்லை. சென்னைக்காரங்களுக்குக் கிண்டியில ஊருக்கு நடுவுலயே ஒரு தேசியப் பூங்காவும் அதை ஒட்டிச் சிறுவர் பூங்காவும் இருக்கு. பறவை வர்ற மாசத்துல வேடந்தாங்கல். டெல்டா மக்களுக்குக் கோடியக்கரையில வெளிமான். போய்ட்டு சாயங்காலம் வீடு திரும்பிடலாம்.

முதல் டென்ட்? மொட்டை மாடி. கட்டிலைப் போட்டு, கொசுவலை கட்டி, ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்துக்கிட்டுத் தூங்குங்க, குழந்தையைச் சுவர் ஓரமாப் படுக்க வைக்காம. அங்க பயப்படாமத் தூங்குற குழந்தைதான் அடுத்த வருஷம் மலைக்குத் தயார்.

21/
எல்லாப் பழியும் பெத்தவங்க மேல போடுறது நியாயம் இல்லை. எங்க தரப்புலயும் செய்ய வேண்டியது இருக்கு.

ஒவ்வொரு சோதனைச் சாவடியிலயும், ஒவ்வொரு தங்கும் இடத்துலயும் ஒரு பலகை வேணும்: பக்கத்துல விஷ முறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது, எத்தனை கிலோமீட்டர், போன் சிக்னல் எங்க கிடைக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் இருக்கு. பாஸ் வாங்கும்போதே இந்தத் தகவலும் போனுக்கு வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்? பாலூட்ட ஒரு மறைவான அறை, குழந்தை உட்காரக்கூடிய சுத்தமான கழிப்பறை, அருவியில குழந்தைகளுக்குத் தனியா ஆழம் குறைஞ்ச பகுதி. இதெல்லாம் பெரிய செலவு இல்லை.

டென்ட் போட்டுச் சம்பாதிக்கிறவங்களுக்கு: வாசலுக்கு ஒரு கட்டில், ஒரு கொசுவலை, உங்க ஆட்கள்ல ரெண்டு பேருக்கு முதலுதவிப் பயிற்சி. அந்தப் பையன் தங்கின இடத்துல இது இருந்திருந்தா எனக்கு இந்தக் கதையே இல்லை.

22/
இந்த வருஷம் பொங்கல் லீவுல அந்தக் குடும்பம் இந்தப் பக்கமா வந்தாங்க. பையன் ஓபி வராந்தாவுல ஓடிட்டு இருந்தான். கழுத்துல டியூப், ஊசின்னு பார்த்த உடம்பு, இப்ப நிக்க மாட்டேங்குது.

அம்மாகிட்ட நான் அன்னைக்குச் சொல்லாம விட்டதைச் சொன்னேன். “உங்க மேல தப்பு இல்லைம்மா. காட்டு மேலயும் தப்பு இல்லை. கட்டில் இல்லை, வலை இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அவ்வளவுதான். திரும்பக் கூட்டிட்டுப் போங்க.” அவங்க ஒண்ணும் சொல்லலை. அப்பாதான் மெதுவா, “மொட்டை மாடியில கொசுவலை கட்டித் தூங்குறோம் மேடம், இவன்தான் ஆசைப்பட்டான்”னார்.

போதும். அங்க இருந்து ஆரம்பிக்கலாம்.

நீங்களும் கிளம்புங்க. ஒரு இடம், ஒரு ராத்திரி, கட்டிலும் வலையும், கை எட்டுற தூரத்துல குழந்தை, போற வழியில இருக்கிற அரசு மருத்துவமனை எதுன்னு மனசுல ஒரு குறிப்பு. காலையில குழந்தை வயித்து வலி, வாந்தின்னு சொன்னா, மெடிக்கல் கடைக்காரர் கேட்கலைன்னாலும் நீங்களே உங்களைக் கேட்டுக்கோங்க: “நேத்து எங்க தூங்குனோம்?”

டூர் போற நண்பர்களோட குரூப்ல பகிர்ந்து விடுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.